ஐந்தாவது உறுப்பினர்

அத்தியாயம் 14

"அந்த அம்மாவை எப்போதுதான் வீட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள்?" என்று போன வாரமும் கடிதங்கள் வந்தன. ஒருவர் எனக்குக் கல்நெஞ்சம் என்றே எழுதிவிட்டார். கோபம் நியாயம்தான். பெற்ற பெண்ணை மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மட்டும் பார்க்கிற ஒருத்தியை ஏழு வருடமாக மலையடிவாரத்தில் ஒண்டியாகக் கிடக்க வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆனால் இந்த வாரம் நிலைமை வேறு. அவள் வீடு போக இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி. அந்த ஒரு நாளும் அவள் ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

சும்மா உட்காரத் தெரிந்தவளாக இருந்தால் நான் ஏன் பதினாலாவது அத்தியாயம் எழுதுகிறேன்?

அவள் வட்டார வளர்ச்சி முகமையின் அமைப்பாளர். பேர்தான் பெரிசு. மூன்று அறை, ஒரு ஜீப், ஓர் எழுத்தர், ஒரு டிரைவர், அவ்வளவுதான் முகமை. மலைமேல் சிதறிக் கிடக்கும் இருபத்திரண்டு குடியிருப்புகளுக்குச் சாலை, குழாய், உதவித்தொகை என்று எது வந்தாலும் இந்த மூன்று அறை வழியாகத்தான் வரவேண்டும். இப்படிப் பதினான்கு முகமைகள் இருக்கின்றன. அவற்றை இணைத்து ஐந்தாக்கப் போகிறார்கள். மூடப்போகும் பட்டியலில் முதலில் இருப்பது இவளுடைய அலுவலகம். மூடினால் இவளுக்கு வேலை நகரத்தில். அதாவது வீட்டோடு இருக்கலாம். ஏழு வருடத்தில் பதினோரு முறை இடமாற்றம் கேட்டு எழுதியும் கிடைக்காதது, சீரமைப்பு உத்தரவின் ஒற்றை வரியில் கிடைத்துவிட்டது.

காலை எட்டரைக்கு வீட்டிலிருந்து போன்.

"அம்மா, நான் கட்டில்ல சுவர்ப் பக்கம் படுத்துக்கறேன். உனக்கு வெளிப்பக்கம். சரியா?"

பேசியது பதினோரு வயது மகள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பேர்.

"அத்தை சொல்றாங்க, இவ்வளவு பெரிய பொண்ணு அம்மாகூடப் படுக்கலாமான்னு. நாலு வயசுலேருந்து பாக்கி இருக்குன்னு சொல்லிட்டேன். அம்மா, நீ குறட்டை விடுவியா? எனக்கு மறந்தே போச்சு."

சனிக்கிழமை இரவுகளில் பெண் பழக்கத்தில் அத்தை பக்கத்திலேயே தூங்கிப் போய்விடுவாள். எழுப்பித் தன் பக்கத்தில் போட்டுக்கொள்ள இவளுக்கு மனம் வராது. எழுப்பினால் சிணுங்கிக்கொண்டு அத்தையிடமே திரும்பிவிடுவாளோ என்று பயம். அந்தப் பயத்தை ஒருவரிடமும் சொன்னதில்லை, புருஷனிடம்கூட.

"விடமாட்டேன்டி" என்றாள்.

போன் கை மாறியது. கணவர்.

"ரெண்டு மணிக்குத்தானே சீரமைப்புக் குழு வருது? நாலுக்குள்ள முடிஞ்சுடும் இல்ல?"

"முடிஞ்சுடும்."

"நீ பாட்டுக்கு எதையாவது கிளறாம இரு."

"நான் என்னங்க கிளறப் போறேன்?"

"உன்னை எனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். முன்னறை கடை, பின்னறை வீடு. கம்பி சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கும். அந்த விரல்கள் தன் நெற்றியில் படுவதற்கு அவள் எவ்வளவு ஏங்கினாள் என்று சொல்லப் போனால் இந்த வாரப் பக்கம் போதாது.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே எழுத்தர். அவர் முகம் சரியில்லை. கையில் ஒரு மஞ்சள் சீட்டு.

"மேடம், இது டிராயர்ல இருந்துச்சு."

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முகமைக்கு மேலே வட்டாரக் குழு என்று ஒன்று உண்டு. ஒன்பது உறுப்பினர்கள். நால்வர் அதிகாரிகள். மற்ற ஐவர், எந்த ஊரிலும் எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடாத ஆட்கள்: கல் உடைக்கிறவர், ஒரு கால் விளங்காத தையல்காரி, செங்கல் சூளையில் வேலை செய்கிற புருஷனும் பெண்சாதியும், அப்புறம் ஆட்டுக்காரம்மா. அந்த ஐவரும் வந்து உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். ஒரு தலை குறைந்தால் செல்லாது. இன்றைக்குச் செல்லாமல் போனால், கருத்துக் கேட்க வருகிற சீரமைப்புக் குழு, வட்டாரத்துக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடும். அலுவலகம் மூடியாயிற்று.

ஐவரில் மூவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவள் வந்த முதல் வருடமே ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். மஞ்சள் சீட்டு வந்தால் கூட்டம் உண்டு, வரவேண்டும். நீலச் சீட்டு வந்தால் கூட்டம் இல்லை, வேலையைப் பார்க்கலாம். பால் வண்டிக்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார். ஏழு வருடத்தில் ஒருமுறைகூட நிறம் மாறியதில்லை.

"அஞ்சு மஞ்சள் வெட்டினோம் மேடம். நாலுதான் போயிருக்கு. நீலக் கட்டுல ஒண்ணு குறையுது."

"யாருக்கு?"

"ஆட்டுக்காரம்மாவுக்கு. இப்பதான் பால் வண்டிக்காரர் சொல்றார். கூட்டம் இல்லைன்னு ஆட்டை ஓட்டிக்கிட்டு மேல் புல்வெளிக்குப் போயிட்டாங்களாம்."

சீட்டுகளை உறையில் போட்டது எழுத்தர் இல்லை, டிரைவர் இல்லை. புதன்கிழமை மத்தியானம், இதே நாற்காலியில் உட்கார்ந்து, அவளே தன் கையால் போட்டாள். போடும்போது நினைப்பெல்லாம் எங்கே இருந்தது? வாயாடிக்கு வாங்கவேண்டிய பள்ளிக்கூடப் பையில். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுவதில். கை நீலக் கட்டுக்குப் போனது தெரியவே இல்லையா, இல்லை தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டாளா? அவளுக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

எழுத்தர் கதவைச் சாத்தினார். ஐம்பத்தாறு வயது மனிதர். அவளுடைய இடமாற்ற மனுக்கள் அத்தனையையும் தட்டச்சு செய்தவர்.

"மேடம், நான் எதையும் பார்க்கலை."

"என்ன சொல்றீங்க?"

"பதினோரு மனு அடிச்சிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டுத் தபால்ல சேர்த்திருக்கேன். சாமி வரம் கொடுக்குது, பேசாம வாங்கிக்குங்க. ஒரு ஆள் வரலை. கூட்டம் செல்லாது. யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

"உங்க வேலை?"

"எனக்கென்ன, இன்னும் ரெண்டு வருஷம். எங்கயாவது ஒரு மூலையில உட்கார வைப்பாங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டும் என்று மனம் கூவியது. ஆமாம், வேண்டும்! வீடு வேண்டும், கட்டிலின் வெளிப்பக்கம் வேண்டும், ராத்திரி சமையலறையில் நாத்தனார் பாத்திரம் உருட்டுகிற சத்தம்கூட வேண்டும். ஏழு வருடம் ஊருக்காக உழைத்தது போதாதா? ஒரே ஒரு நாள் தனக்காகச் சும்மா இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

வெளி அறைக்கு வந்தாள். ஒன்பதரைக்கெல்லாம் நான்கு பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் இரண்டு மணிக்கு. அதிகாரிகள் ஒருவர்கூட இன்னும் வரவில்லை. தையல்காரி தலைக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரியிருந்தாள். சூளைக்காரர் வெளுத்த சட்டையில் பொத்தான் ஒன்றுக்குப் பதில் ஊசி குத்தியிருந்தார். கல் உடைக்கிறவர் தன் மஞ்சள் சீட்டை முழங்காலில் வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார். அவருக்கு வந்த சீட்டு ஒவ்வொன்றையும் அவர் வீட்டு உத்திரத்தில் செருகி வைத்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

"ஆட்டுக்காரம்மா இன்னும் வரலியே?" என்றார் அவர். "அவங்க பிந்த மாட்டாங்களே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

எழுத்தர் ஜன்னலைப் பார்த்தார்.

அவள் ஏதாவது ஒன்று சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை என்றே சொல்லியிருக்கலாம். அந்த நாலு பேரும் நம்பியிருப்பார்கள். அவள் சொன்னதை இந்த மலையில் யார் நம்பாமல் இருந்தார்கள்? அந்த நினைப்புத்தான் அவளைப் போட்டு உலுக்கியது. இவர்களிடம் பொய் சொல்லிவிட்டுப் போய்ப் பெண் பக்கத்தில் படுத்தால் தூக்கமா வரும்?

"நான்தான் சீட்டை மாத்தி அனுப்பிட்டேன்" என்றாள். "போய்க் கூட்டிட்டு வரேன்."

டிரைவர் உடனே எழுந்தார். சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். எழுத்தர் மட்டும் வாசல் வரை வந்து, "உங்களைத் திருத்தவே முடியாது மேடம்" என்று முணுமுணுத்துவிட்டு, ஜீப்புக்குள் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்.

ஜீப் போகிற இடம் வரை ஒன்றரை மணி நேரம். அதற்குமேல் நடை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஏறிப் போனபோது, ஆட்டுக்காரம்மா ஒரு பாறை மறைவில், காலையில்தான் பிறந்த குட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது! நீலத்தை அனுப்பிட்டு நீயே வந்து நிக்கறே?"

"தப்பா வந்துடுச்சு. கூட்டம் உண்டு. ரெண்டு மணிக்கு. உடனே கிளம்பணும்."

"கிளம்பறேன். தாய் ஆட்டுக்கு ரெண்டு நாளா காய்ச்சல், பால் இறங்கலை. குட்டியை விட்டுட்டு வரமுடியாது. இதுவும் வரும்."

"வரட்டும்."

பக்கத்துப் பாறையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனிடம் மந்தையை ஒப்படைத்துவிட்டு, குட்டியைத் துணியில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். அறுபதை எட்டுகிற வயசு. இவள்தான் பின்னால் மூச்சு வாங்க ஓடவேண்டியிருந்தது.

ஜீப் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆயிற்று. அப்புறம் இவள் ஆரம்பித்தாள்.

"நீலத்தைப் போட்டது நான்தான்."

"தெரியும். உன் ஆபீஸ்ல வேற யார் போடுவா?"

"நீங்க வரலைன்னா கூட்டம் செல்லாது. ஆபீஸை மூடிடுவாங்க. மூடினா நான் வீட்டுக்குப் போயிடலாம். எனக்குப் பதினோரு வயசுல ஒரு பொண்ணு இருக்கா."

ஏழு வருடமாக வீட்டைப் பற்றி இந்த மலையில் யாரிடமும் அவள் வாய் திறந்ததில்லை. திறந்தால் அழுகை வந்துவிடும், அமைப்பாளர் அழக்கூடாது என்று ஒரு வீறாப்பு. இப்போது டிரைவர் முன்னாலேயே கண்ணீர் வழிந்தது. டிரைவர் மரியாதையாகச் சாலையைப் பார்த்தே ஓட்டினார்.

"கோபம் வரலியா உங்களுக்கு?"

"வராம? நல்லா வருது. ஆனா நீயே வந்து கூட்டிட்டும் போறியே, அதை எதுல சேர்க்கறது?" ஆட்டுக்காரம்மா குட்டியின் வாயில் விரலை வைத்துச் சப்பக் கொடுத்தாள். "பொண்ணு யார்கிட்ட இருக்கு?"

"அவங்க அப்பாகிட்ட. அத்தையும் இருக்காங்க."

"அவர் என்ன பண்றார்?"

"மோட்டார் காயில் கட்டறவர். சொந்தக் கடை."

"அடிப்பாவி!" ஆட்டுக்காரம்மா போட்ட சத்தத்தில் குட்டியும் சேர்ந்து கத்தியது. "இதையா வாய்க்குள்ள போட்டுப் பூட்டி வெச்சிருந்தே? எங்க குடியிருப்புல மோட்டார் எரிஞ்சு பதினெட்டு நாள் குடத்தோட அலைஞ்சோமே, மறந்துட்டியா? நீதானே லாரி பிடிச்சு நகரத்துக்கு அனுப்பினே? அந்த மனுஷனை இங்கேயே கூப்பிட்டுக்கறதுதானே?"

"அவருக்குக் கடை அங்க இருக்கே..."

"உனக்கு வேலை இங்க இருக்கே! ஏழு வருஷமா நீயே பஸ் ஏறறியே, அவருக்கு பஸ் ஏறத் தெரியாதா?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டுத் திருதிருவென்று விழித்தாள். இருபத்திரண்டு குடியிருப்பிலும் எங்கே எது இல்லை என்று வருடாவருடம் பட்டியல் எழுதி மேலிடத்துக்கு அனுப்புகிறவள். 'மோட்டார் பழுது பார்க்க ஆள் இல்லை' என்று ஏழு பட்டியலிலும் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். வீட்டில் அப்படி ஓர் ஆள் இருக்கிறார் என்று ஒருதரம் தோன்றியதில்லை. திரும்பிப் போகவேண்டியவள் தான்தான் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். இப்படி ஒரு புத்திசாலியை எங்கே தேடுவது, சொல்லுங்கள்!

இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜீப் வந்து நின்றது.

சீரமைப்புக் குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர், பக்கத்தில் இரண்டு மடிக்கணினி. துணி மூட்டையிலிருந்து குட்டி தலையை நீட்டியதும் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்ன?"

"உபரி உறுப்பினர் சார்" என்றார் எழுத்தர். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தலை எண்ணினார்கள். ஐந்து. கூட்டம் செல்லும். இணைப்பினால் என்னென்ன நன்மை என்று படம் போட்டுக் காட்டினார்கள். ஐந்து பெரிய அலுவலகங்கள், ஒவ்வொன்றிலும் எல்லா வேலையும் ஒரே இடத்தில், ஒரே ஜன்னலில். மற்ற நால்வரும் தயங்கித் தயங்கி இரண்டு வார்த்தை பேசினார்கள். கடைசியில் ஆட்டுக்காரம்மா எழுந்தாள்.

"ஐயா, படம் நல்லா இருக்கு. அஞ்சு ஆபீஸும் பஸ் நிக்கிற ஊர்ல இருக்கு. எங்க ஊர்ல பஸ் நிக்காது. என் வீட்டுக்காரர் செத்ததும் உதவித்தொகைக்கு நான் நகரத்துக்கு மூணு தடவை போனேன். முதல் தடவை ஜன்னல் சாத்தியிருந்தது. ரெண்டாவது தடவை நகல் எடுத்துட்டு வான்னாங்க. மூணாவது தடவை போன அன்னிக்கு ரெண்டு ஆட்டை நரி கொண்டுபோச்சு. நாலாவது தடவை நான் போகலை. இந்தம்மா மலை ஏறி வந்து என் பாறைமேல உட்கார்ந்து எழுதிட்டுப் போச்சு. உங்க ஜன்னல் எங்க பாறைக்கு வருமா? வரும்னா மூடிக்குங்க."

தலைவர் கெட்ட மனிதர் இல்லை. மற்ற இருவரோடும் குசுகுசுவென்று கால் மணி நேரம் பேசினார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"கிளையா வெச்சுக்கலாம். மூணு வருஷத்துக்கு. ஆனா புது ஆள் எடுக்கத் தடை இருக்கு. இப்ப இருக்கிற அமைப்பாளரே மூணு வருஷம் இருக்க சம்மதம்னு எழுதிக் கொடுக்கணும். இல்லைன்னா என் கையில எதுவும் இல்லை."

அறையில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டுக்காரம்மா மட்டும் பார்க்கவில்லை, குட்டியின் காதைத் தடவிக்கொண்டு நின்றாள். வற்புறுத்தக்கூடாது என்று அந்த மனுஷி அப்படி நின்றது இவளுக்குப் புரிந்தது.

மூன்று வருடம். வாயாடிக்குப் பதினாலு ஆகிவிடும். பதினாலு வயசுப் பெண் அம்மா பக்கத்தில் படுக்க ஆசைப்படுவாளா? பேனாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கையெழுத்து அவளுடையது மாதிரியே இல்லை. ஆனாலும் போட்டுவிட்டாள்.

குழு கிளம்பிப் போயிற்று. கல் உடைக்கிறவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார், அவள் காதில் விழவில்லை. பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள். நாலேகால் ஆகியிருந்தது.

முதல் மணியிலேயே கணவர் எடுத்தார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஆபீஸை மூடலை. நான் மூணு வருஷம் இங்கேயே இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

கடையில் ஏதோ மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"கேட்டிருக்கணும். தப்புதான். திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா இப்ப ஒண்ணு கேட்கணும். கேட்கட்டுமா?"

"கேளு."

"நீங்க வாங்க."

"எங்கே?"

"இங்கே. இங்க ஒரு மோட்டார் எரிஞ்சா ஆறு மணி நேரம் லாரியில தூக்கிட்டு ஓடறாங்க. இருபத்திரண்டு குடியிருப்புக்கும் ஒரு ஆள் இல்லை. கடையை இங்க போடலாம். உங்க அக்காவும் வரட்டும், ரெண்டு அறை வீடு கிடைக்கும். என்னால இனிமே முடியலைங்க. உங்களை விட்டுட்டு இருக்க முடியலை."

"ஏழு வருஷத்துல" என்றார் அவர், "ஒரு தடவைகூட நீ இதைக் கேட்கலை."

"நீங்களும் வரேன்னு சொல்லலை."

நாற்காலி நகர்கிற சத்தம். எதுவோ கீழே விழுந்து உருண்டது. அப்புறம் ஒன்றுமில்லை. "என்னங்க?" என்றாள். "என்னங்க, இருக்கீங்களா?"

"அம்மா?" வாயாடியின் குரல். "அப்பா போனை மேஜைல வெச்சுட்டு எழுந்து தெருவுல போறாரும்மா. கடையைத் திறந்து போட்டுட்டு, செருப்புகூடப் போடாம போறார். கூப்பிட்டாத் திரும்பலை. நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் இல்லைடா. இங்க வந்து என்கூட இருங்கன்னு கேட்டேன்."

எப்போதும் ஒன்றுக்கு ஒன்பதாகப் பேசுகிற பெண் இந்தத் தடவை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பாவை மட்டுமா?"